பலகை வைக்காத எல்லை: நீலகிரியில் ஏழு நாள், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் அப்பா ஓய்வு பெற்ற நில அளவையர். வயது 71. இளமையில், 1979-லிருந்து ஐந்து வருடம், கூடலூர் தாலுகாவில் அளவைச் சங்கிலியும் செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபுமாக மலை மலையாக அலைந்தவர். அதற்கப்புறம் பவானி, கோபி, ஈரோடு என்று சமவெளியிலேயே வேலைக்காலம் முடிந்துவிட்டது. "கூடலூர ஒருக்கா பாத்துப்போட்டு வந்தறோணும் அம்மிணி" என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பி மின்சாரக் கார் வாங்கியதும் அந்தப் பேச்சுக்கு உருவம் வந்தது. பொங்கல் கூட்டம் வடிந்த வாரம் மூன்று பேரும் கிளம்பினோம்.

இதை நிகழ்வு ஆய்வாக எழுதக் காரணம், அப்பா இதை ஓர் ஆய்வாகவே நடத்தினார் என்பதுதான். புறப்படுவதற்கு முந்தின இரவு பழைய பழக்கத்தில் ஒரு ஃபீல்டு புக்கை எடுத்து, இடம், மணி, பேட்டரி, குறிப்பு என்று நாலு பத்தி கோடு போட்டு, முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்தார்: "எல்லை எங்கே?" தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மலை நீலகிரி. மூன்று சோதனைச்சாவடிகளையும் பார்த்துவிட்டால் பதில் கிடைத்துவிடும் என்றுதான் நானும் தம்பியும் நினைத்தோம்.

விதிகள் மூன்று வைத்துக்கொண்டோம். மலையேறுவது ரயிலில். தினமும் ஒரு நடை. மலையில் இருக்கும்போது கார் ஒரு நாளைக்குக் கூடுமானவரை நூறு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மலைக்கு வண்டியில் போவதென்றால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. தம்பி வீட்டிலிருந்தே எடுத்துவிட்டான். ரயில் டிக்கெட்டுக்குத்தான் முன்கூட்டியே முண்டியடிக்க வேண்டியிருந்தது.

ரயில்: ஏறுவதும் இறக்குவதும்

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி ரயில். காரைத் தம்பி ஓட்டிக்கொண்டு பர்லியாறு வழியாகக் குன்னூர் வரட்டும், நாங்கள் இருவரும் ரயிலில் என்று ஏற்பாடு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர்கூட இல்லை. குன்னூர் 1,700-ஐத் தாண்டும். இந்த ஏற்றத்துக்காகத்தான் இத்தனை பாடு. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ல் ஓடத் தொடங்கியது, உதகைக்கு 1908-ல் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 46 கி.மீ.தான், அதற்குள் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறு வரை சாதாரண ரயில். பாக்குத் தோப்பு முடிகிற இடத்தில் வண்டி நடை வேகத்துக்குக் குறைகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் ஆரம்பம். இரண்டு பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். என்ஜினின் பல்சக்கரம் அதில் போய்ச் சேரும்போது பெட்டி முழுக்க ஒரு உதறல் வந்து அடங்கியது. அதற்குப் பிறகு குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. பல்லைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறுகிறது. என்ஜின் பின்னால் நின்று தள்ளுவதால் முதல் பெட்டிக்காரர்களுக்குக் காடு நேராக முகத்துக்கு வருகிறது.

எங்களை ஈர்த்தவர் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒருவர், கையில் கொடி, பக்கத்தில் பிரேக் சக்கரம். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது அப்பா இறங்கி அவரிடம் பேச்சுக் கொடுத்தார். "ஏத்தறதுக்கு சிரமமா இருக்குமுங்களே?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஏத்தறதுக்கு என்ஜின் இருக்குதுங்க. எறக்கறதுக்குத்தான் நாங்க இருக்கறோம்." இறங்கும்போது அதே எடை முழுக்க வண்டியைக் கீழே தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் இருந்து பிடித்தால்தான் நிற்கும் என்றார். பிரேக் சக்கரத்தின் விளிம்பு, கை படும் இடத்தில் மட்டும் பித்தளைப் பாத்திரம்போல் மினுங்கியது.

குன்னூரில் தம்பி காத்திருந்தான். மேட்டுப்பாளையத்தில் 88 விழுக்காடு இருந்த பேட்டரி 62-க்கு வந்திருந்தது. சமவெளியில் அதே 35 கி.மீ.க்கு இதில் பாதிகூடப் போயிருக்காது. 40 யூனிட் பேட்டரிக்கு 26 விழுக்காடு என்றால் பத்து யூனிட்டுக்கு மேல். அப்பா ஃபீல்டு புக்கில் குறித்துக்கொண்டார்.

நடை: கீழே பார்க்கும் கோட்டை

மறுநாள் பக்காசுரன் மலை. குன்னூரிலிருந்து நான்சச் தேயிலைத் தோட்டம் வழியாகப் போகும் பாதை. கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் நடைதான். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காட்டெருமை நடமாட்டம் கேட்டுக்கொண்டு போனோம். உச்சியில் இருப்பது ஹுலிக்கல் துருக்கம். கன்னடத்தில் ஹுலி என்றால் புலி, கல் என்றால் நமக்கும் கல். திப்பு காலத்தில் காவல் நிலையாக இருந்த கோட்டை. மிச்சம் என்று பார்த்தால் சரிந்த மதில் துண்டுதான். இதற்கா இவ்வளவு தூரம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

அப்பா மதிலின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கியது அடங்கியதும், திசையைப் பார்த்தார். கீழே பவானி ஆறு வெள்ளி நூலாக, மேட்டுப்பாளையம் ஊர் தூசிப் படலமாக. "பாரம்மிணி, இந்தக் கோட்டை மலைய பாக்கறதுக்குக் கட்டல. கொங்கு நாட்ட பாக்கறதுக்குக் கட்டியிருக்கறாங்க" என்றார். மேலே இருக்கும் பீடபூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே கோயம்புத்தூர்ச் சமவெளிக்கும் கணவாய்க்கும் முகம் காட்டி நிற்கிறது. மைசூர்காரர்களுக்கு இந்த மலையின் விளிம்புதான் வேலி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கோயம்புத்தூரும் அதோடு இந்த மலையும் கும்பெனி கைக்குப் போனது. வேலியாக இருந்தது ஒரே நாளில் கொல்லைப்புறம் ஆகிவிட்டது. அப்புறம் இருபது வருடம் கழித்து, 1819-ல், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் வீடு கட்டியதும் மலையின் கதையே மாறியது.

கன்னடப் பெயர் எப்படித் தமிழ்ச் சமவெளிக்கு மேல் உட்கார்ந்தது என்று தம்பி கேட்டான். கோட்டையால் மட்டும் வந்ததில்லை. படகர்கள் என்ற பெயரே வடக்கர் என்பதுதான். மைசூர்ப் பக்கமிருந்து வந்து மலையில் குடியேறியவர்கள், ஊருக்கு ஹட்டி என்று பெயர் வைத்தவர்கள். மொழி எந்தக் காவல் கோட்டையையும் கேட்காமல் ஏறி வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் கோடநாடு காட்சிமுனை. அங்கே ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கீழே மாயாறு அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தில் பச்சைத் திட்டாகத் தெரிகிற ஊர் தெங்குமரஹாடா. வருவாய்க் கணக்கில் அது நீலகிரி மாவட்டம். ஆனால் நீலகிரியிலிருந்து நேராகச் சாலை கிடையாது. பவானிசாகர் போய், காட்டுக்குள் புகுந்து, மாயாற்றைப் பரிசலில் கடந்தால்தான் ஊர். "இந்த மாதிரி இடத்துலதான் சர்வே படம் உண்மைய சொல்லும், ரோடு பொய் சொல்லும்" என்றார் அப்பா. அன்று இரவு உதகை. உறைபனி, மூன்று கம்பளி, வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

சுரம்: 73-லிருந்து 77

நான்காம் நாள் உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர். ஐம்பது கிலோமீட்டர்தான்; நாங்கள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். நடுவட்டத்தில் 1860-களில் சின்கோனா பயிரிட்டார்கள், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எடுக்க. அந்தத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறைக் கட்டடம் இன்னும் இருக்கிறது.

நடுவட்டம் தாண்டியதும் சாலை சடாரென்று விழுகிறது. இந்த மலைச்சரிவுப் பாதைதான் சுரம். தம்பி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். மின்சாரக் காரில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபடி பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிறது. நடுவட்டத்தில் 73 இருந்தது. பதினைந்து கிலோமீட்டர் சுரம் இறங்கிக் கூடலூர் வந்தபோது 77. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

ஆனால் அவர் மனது பேட்டரியில் இல்லை. சுரத்தின் பாதியில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். நாங்கள் இறங்கினோம். மேலே பார்த்தால் புல்வெளியும் தைல மரமும் தேயிலையும். கீழே பார்த்தால் அடர்ந்த மரம், அதன் நிழலில் காப்பி, மரத்தில் படர்ந்த மிளகு. காற்றின் ஈரம்கூட வேறு. "இதுதான்" என்றார்.

"எதுங்கப்பா?"

"எல்லை. நீங்க பாக்கோணும்னு வந்தது."

பலகை இல்லை, கல் இல்லை, சாவடி இல்லை. 1877 வரை மேலே இருந்தது நீலகிரி. இந்தச் சுரத்துக்குக் கீழே இருந்தது மலபார் மாவட்டத்தின் தென்கிழக்கு வயநாடு. 1830-ல் மேலே இருந்த பீடபூமியின் ஒரு பகுதியையும் மலபாரோடு சேர்த்தார்கள், 1843-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1860-ல் குந்தா, 1873-ல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு, 1877-ல் கூடலூரும் பந்தலூரும் என்று துண்டு துண்டாக மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. 1868-ல் கோயம்புத்தூரிலிருந்து தனியாகப் பிரிந்த நீலகிரி, 1882-ல் கலெக்டரோடு முழு மாவட்டமானது. காகிதத்தில் இவை ஒவ்வொன்றும் நிர்வாக வசதிக்கான மாற்றம். 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது மலபார் கேரளாவுக்குப் போனது, வயநாட்டின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு. கூடலூர் மட்டும் தமிழ்நாட்டில் நின்றுவிட்டது. எண்பது வருடத்துக்கு முன் யாரோ போட்ட கையெழுத்து அங்கே மாநில எல்லையானது. சுரத்தில் நின்று அப்பா இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இடத்தில் நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்தில் எத்தனையோ வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின.

பாட்டவயல்

சோதனைச்சாவடிகளையும் பார்த்தோம், பார்க்காமல் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை பாட்டவயல். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் சுல்தான் பத்தேரி போகும் சாலை. இரண்டு பக்கமும் வீட்டு முற்றத்தில் ஒரே காப்பிப் பழம் காய்கிறது. சிவப்பு கறுத்து, மேல்தோல் சுருங்கி, காலால் கிளறிவிடும்போது உலர்ந்த சரசரப்பு. ஒரு பாட்டி கிளறிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள் நூறு கெஜம் தள்ளி, கேரளத்தில், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

சாவடிக்கு முன்னால் ஒரு டீக்கடை. மாஸ்டர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். லாரி டிரைவரிடம் கன்னடம், பால்காரரிடம் மலையாளம், எங்களிடம் தமிழ். மூன்றையும் கலக்கவில்லை, ஆளைப் பார்த்ததும் மொழி தானாக மாறியது. அப்பா அவரிடம் "உங்க வீட்ல என்ன மொழிங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டில செட்டி பாஷை. அது இந்த மூணுலயும் சேராது" என்றார். வயநாடன் செட்டி சமூகத்தவர். பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், மவுண்டாடன் செட்டி என்று இந்த மண்ணின் பழைய குடிகள் எல்லோருக்கும் சொந்தப் பேச்சு உண்டு. மாநிலம் பிரித்த மொழிக் கணக்கில் இவர்களைக் கேட்டு யாரும் கோடு போடவில்லை. ஐப்பசியில் பூப்புத்தரி நாளன்று புதூர்வயலில் முதல் கதிர் அறுத்து எல்லோரும் சேர்ந்து கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். அந்தத் திருவிழாவுக்கு அப்பா 1980-ல் போயிருக்கிறார்.

திரும்பி வரும்போது சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். அரை நிமிடம். வரலாற்று எல்லையைத் தாண்டியதற்கு அதுதான் அடையாளம் என்றால் வந்ததே வீண். தேவாலாவில் சற்று நின்றோம். 1879 வாக்கில் இங்கே தங்கம் கிடைக்கும் என்று சீமைக் கம்பெனிகள் வந்து விழுந்தன; மூன்றே வருடத்தில் எல்லாம் அடங்கியது. பழைய குழிகள் இன்னும் வாய் திறந்து கிடக்கின்றன. பக்கத்தில் போகாதீர்கள்.

பிளக் பாயிண்ட்

இந்த ஆய்வின் உயிர் இனிமேல் சொல்வதில்தான் இருக்கிறது.

நான்காம் நாள் இரவு தங்கிய இடத்தில் காருக்குச் சார்ஜ் போட்டதும் அரை மணியில் ஃபியூஸ் போய்விட்டது. பழைய வயரிங், 15 ஆம்ப் இழுத்தால் தாங்கவில்லை. எனவே ஐந்தாம் நாள் முழுக்க இருந்ததை வைத்தே ஓட்டினோம். மாலை ஓவேலிக்குப் போகும்போது 51. ஓவேலி என்பது ஆக்டர்லோனி வேலி. ஓ வேலி என்று சுருங்கி, இன்று பேரூராட்சியின் பெயரே ஓவேலி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பா அன்றைக்கு மாதக்கணக்கில் கேம்ப் போட்டிருந்தபோது சோறு போட்ட குடும்பம் இருந்தது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே டேன்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இந்தக் குடும்பத்துக்கு அங்கே வேலை அமையவில்லை. தனியார் தோட்டத்தில் இலை பறித்து, தோட்ட ஓரத்தில் குடிசை போட்டு, பிறகு மண்சுவர், பிறகு ஓட்டு வீடு.

ஐயா இறந்துவிட்டார். அந்த அம்மா இருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சர்வேயர் ஐயாவா?" என்றார். இருவரும் வாசலிலேயே நின்று பேசினார்கள். யார் யார் இல்லை, யார் யார் எங்கே என்று. கருப்பட்டி போட்ட கட்டங்காப்பி வந்தது.

தம்பி நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். "பாட்டி, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குங்களா? பேசிட்டிருக்கற நேரத்துக்கு வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கறேன். கரண்ட் காசு குடுத்தறேன்."

"கரண்டே இல்லையே தம்பி" என்றார் அந்த அம்மா. உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். சுவரில் ஸ்விட்ச் போர்டே கிடையாது. கூரையில் ஒரு சின்ன சோலார் பலகை, அதில் இரண்டு விளக்கு, ஒரு செல்போன் ஒயர். மேலே மின்கம்பி போவது வாசலிலிருந்தே தெரிகிறது. விண்ணப்பம் எத்தனையோ தடவை போட்டார்களாம். "இது பதினேழு நிலமாம் தம்பி. பட்டா இல்லாம குடுக்க மாட்டாங்களாம்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த வீடு இருக்கும் இடத்தை 1981-ல் சங்கிலி போட்டு அளந்தவர் அவர்தான்.

பதினேழு என்றால் என்ன என்பதைத் திரும்பும் வழியில் காரில் சொன்னார். சமவெளியில் நம் நிலம் ரயத்துவாரி. உழுகிறவன் பேரில் பட்டா, அரசுக்குக் கிஸ்தி. மலபாரில் அப்படி இல்லை. ஜென்மம் என்ற உரிமை: மலையும் காடும் வயலும் பரம்பரையாக ஜென்மி எனப்பட்ட நிலக்கிழாரின் சொத்து. கூடலூர் நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்களிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் வெள்ளைக்காரத் தோட்டங்கள் எழுந்தன. நிலம் 1877-ல் மாவட்டம் மாறியது. ஆனால் உரிமை மலபார் உரிமையாகவே தொடர்ந்தது. இதை ஒழிக்கத்தான் தமிழக அரசு 1969-ல் கூடலூர் ஜென்ம எஸ்டேட்கள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சுமார் 80,000 ஏக்கர். நேரடியாகப் பயிர் செய்தவர்களுக்குப் பட்டா கிடைக்க அதில் வழி இருந்தது. தோட்டப் பயிருக்குக் குத்தகை விட்ட நிலம் மட்டும் 17-ம் பிரிவு. அங்கே கோவிலகத்தின் இடத்தில் அரசு உட்கார்ந்தது, குத்தகைக்காரர் குத்தகைக்காரராகவே இருந்தார், அந்த நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்ட ஏழைகள் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

வழக்குகள் ஓடின. இந்த ஒரு தாலுகாவின் நிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இரண்டு பெரிய தீர்ப்புகள் பிறந்தன என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்று, ஜென்மச் சட்டத்தை, நீதிமன்றம் கைவைக்காதபடி காப்பதற்கான அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்ததை எதிர்த்த கோயலோ வழக்கு. 2007-ல் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. இன்னொன்று நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போட்ட வழக்கு; 1996 டிசம்பர் உத்தரவில் "காடு" என்றால் எது என்பதே நாடு முழுக்க மாறியது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். பல பத்தாண்டாகப் பட்டாவும் மின் இணைப்பும் கேட்டு நிற்கிற கூடலூர் வீடுகள் அந்தப் பாடத்தில் வருகிறதா தெரியவில்லை.

சோதனைச்சாவடியில் நான் தேடிய எல்லை அந்தச் சுவரில் இருந்தது. சுரத்தின் பாதியில் தொடங்கி, 1877-ஐயும் 1956-ஐயும் தாண்டி வந்து, ஸ்விட்ச் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுண்ணாம்பாக நின்றது. பெட்ரோல் காரில் போயிருந்தால் காப்பி குடித்துவிட்டு வந்திருப்போம். பிளக் பாயிண்ட் கேட்டிருக்க மாட்டோம். சுற்றுலாவுக்கு மின்சாரக் கார் நல்லது என்று புகையையும் காசையும் வைத்துச் சொல்வார்கள், அதுவும் சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அது நம்மைப் போகிற இடத்து ஆட்களின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது.

கூடலூர் வந்தபோது 47. நடுவட்டம் ஏறவே 17 போகும், அங்கிருந்து உதகைக்கு 15. ஓட்டிவிடலாம்தான், கையில் பதினைந்துதான் மிஞ்சும். ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் கடையைச் சாத்திய பிறகு இரவெல்லாம் பிளக் கொடுத்தார். "நீங்க ஈரோட்டிலிருந்து வந்து இங்க மாட்டிக்கிட்டு நிக்கலாமா?" என்றார், மலையாள வாசம் வீசும் தமிழில். பணம் வாங்க மறுத்தார். அப்பா வற்புறுத்திக் கொடுத்தார். காலையில் 93.

இறக்கம்

ஆறாம் நாள் காலை முதுமலை வழியாகக் கக்கநல்லா வரை போய்க் கர்நாடக எல்லையையும் பார்த்துத் திரும்பினோம். அந்தப் பாதை இரவு 9-லிருந்து காலை 6 வரை பண்டிப்பூரில் மூடியிருக்கும். யானைக்கும் மானுக்கும் கிடைத்த அந்த ஒன்பது மணி நேரத்தை நான் மனமார வரவேற்கிறேன். பிறகு சுரம் ஏறி, உதகை தாண்டி, இரவு குன்னூர். தம்பி ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டான். காலையில் நூறு.

அது தப்பு. இதைப் படிக்கும் யாராவது மலைக்கு மின்சாரக் கார் எடுத்துப் போவதாக இருந்தால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இறக்கத்துக்கு முன்னால் பேட்டரியை நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரிக்கு மோட்டார் கொடுக்கும் கரண்டை வாங்க இடமில்லை. அதனால் மோட்டார் சக்கரத்தைப் பிடிக்காது. கூடலூர் சுரத்தில் காலைத் தூக்கினாலே அடங்கிய கார், பர்லியாறு இறக்கத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடியது. தம்பி காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தான். ஏழெட்டு வளைவில் காந்தல் வாசனை வந்துவிட்டது. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரம் ஆறும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அப்படி மூன்று தடவை. எண்பதோடு நிறுத்தியிருந்தால் கீழே வரும்போது எண்பத்தேழு எண்பத்தெட்டோடு நிம்மதியாக வந்திருக்கலாம்.

"அந்த பிரேக்ஸ்மேன் சொன்னாரே, கேட்டியா அம்மிணி?" என்றார் அப்பா, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தபடி. மேலே எங்கோ மலை ரயிலின் ஊதல் கேட்டது. தம்பியிடம் அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

ஈரோட்டிலிருந்து ஈரோடு வரை மொத்தம் 640 கி.மீ. செலவான கரண்ட் 90 யூனிட்டுக்குச் சற்று மேல். தம்பி இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான்.

வீடு வந்த இரண்டாம் நாள் அப்பா மனு எழுத உட்கார்ந்தார். அந்த அம்மாவின் பெயரில், 1981 அளவையின் புல எண்ணோடு. எண் அவருக்கு நினைவிலேயே இருந்தது. நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். மூன்று நகல். அதற்கு விவரம் பார்க்க ஃபீல்டு புக்கை வாங்கிப் புரட்டியபோது ஐந்தாம் நாள் பக்கம் கண்ணில் பட்டது. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"ஓவேலி. மாலை 4.20. பேட்டரி 51. மின் இணைப்பு: 1981-ல் இல்லை. இப்போதும் இல்லை."

அதற்குக் கீழே ஒரு வரி காலி. மறு அளவை செய்ய வேண்டிய இடத்தில் அப்படி விடுவது அவர் பழக்கம்.